மூளைக் காயமும் உடற்பயிற்சியும்

சுவரிருந்தாலன்றிச் சித்திரம் எழுதலாகாது என்பது நம் முன்னோர் மொழி. உடலைச் சுவராகவும் அறிவைச் சித்திரமாகவும் கொண்டு, உடற்பயிற்சியின் சிறப்பை மாணவர்க்கு உரைக்கும்போதெல்லாம் நாமும் இதனைச் சொல்லி வந்துள்ளோம். ஆயின், விபத்தொன்றினாற் சித்திரமே சிதைந்துவிடின், சுவரைச் செப்பனிடுவதனால் அச்சித்திரம் சிறிதேனும் மீளுமா? இவ்வினா எமக்கு ஏட்டிற் பிறந்ததன்று. ஒரு தாயின் வாயிலாக வந்தது.

எம்மிடம் தமிழ் கற்ற மாணவனொருவன் சில ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்திற் சிக்கித் தலையிற் பெருங்காயமுற்றான். பல நாட்கள் நினைவிழந்து கிடந்தவன் உயிர் பிழைத்து வீடு திரும்பினான். ஆயினும், காலையிற் படித்த பக்கம் மாலையில் அவன் நினைவில் இல்லை. பேசிக்கொண்டிருக்கையிலேயே சொல் நழுவிற்று. நாம் பார்க்கச் சென்றபோது, "மாஸ்ரர், நடந்து திரிஞ்சால் மூளை களைச்சுப் போகும் எண்டு சொல்லிப் படுக்கவே வைச்சிருக்கிறம். அது சரிதானோ?" என்று அன்னையார் கேட்டார். அன்று எம்மிடம் விடையில்லை. பின்னர் வைத்தியர்களை வினாவியும் நூல்களை நாடியும் அறிந்தவற்றை ஈண்டு தருகின்றோம்.

தலைக்காயத்தின் கடுமையை அளத்தற்கு, 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களான ரீஸ்டேல், ஜெனெற் என்னும் இருவர் ஓர் அளவுமுறை வகுத்தனர். கண் திறத்தல், பேசுதல், உடலை அசைத்தல் ஆகிய மூன்றுக்கும் புள்ளி வழங்கிக் கூட்டுவது அம்முறை. நிறைபுள்ளி 15, 8உம் அதற்குக் குறைந்தனவும் கடுங்காயத்தைக் குறிப்பன. அத்தகைய காயத்தினின்றும் பிழைத்தோரிற் பலருக்குக் கை கால்கள் இயங்கினும், ஞாபகமும் கவனமும் சிந்தனை விரைவும் குன்றியே நிற்கின்றன.

இனி, பயிற்சியின் இயல்பை நோக்குவோம். விரைந்து நடத்தல், மெல்ல ஓடுதல், சைக்கிள் மிதித்தல், நீந்துதல் போன்று, மூச்சும் இதயத் துடிப்பும் மிகும்படி தொடர்ந்து செய்யப்படுவன ஏரோபிக் பயிற்சிகள் எனப்படும். அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலினால் இப்பெயர் உலகெங்கும் பரவியது. நம் உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போதும் உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கை ஏற்கின்றது. ஆதலின், இதயமும் நுரையீரலும் வலுப்பெறுதல் மூளைக்கும் நலமாதல் இயல்பே.

பயன் அதனோடமைவதன்று. பயிற்சி செய்யும் எலிகளின் மூளையில், நரம்புக் கலங்களைப் பேணி வளர்க்கும் பி.டி.என்.எவ். என்னும் பொருள் மிகுதல் 1995இல் அறியப்பட்டது. ஓடும் சுண்டெலிகளின் மூளையில், ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிற் புதிய நரம்புக் கலங்கள் மிகுதியாய்த் தோன்றுதல் 1999இல் வெளியாயிற்று. மூளையிற் காயமுறாத முதியோர் 120 பேரிடம் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்று 2011இல் வெளிவந்தது. ஓராண்டு காலம் நடைப்பயிற்சி செய்தோருக்கு அப்பகுதி நூற்றுக்கு இரண்டு பங்களவு பருத்தது என்பது அதன் முடிபு.

காயமுற்றோர் நிலை யாது? 1999இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், மூளைக் காயமுற்ற 13 பேர், ஓரிடத்தில் நின்றபடி மிதிக்கும் சைக்கிளில், திரையில் தோன்றும் காட்சிகளினூடே செல்வதுபோல நான்கு வாரம் பயின்றனர். கற்றற் சோதனைகளில், பயிலாதோரினும் அவர்கள் மேம்பட்டு விளங்கினர். 2015இல் வெளியான மற்றொன்றில், 12 வாரம் நடைப்பொறியிற் பயின்ற எழுவரின் சிந்தனைத் திறன் மேம்பட்டது. எனினும் அவர்களுடைய காயங்கள் கடுமை குறைந்தவை. இவ்வாராய்ச்சிகளிற் பங்குகொண்டோர் மிகச் சிலர் என்பதை மறத்தலாகாது. கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், பயிற்சியால் இதய, நுரையீரல் திறன் பெருகலாம் என்பதற்கே ஓரளவு சான்றுண்டு, ஏனைய பயன்களைத் துணிந்துரைத்தற்குச் சான்று போதாது என்றே கூறிற்று. ஆகவே, பயிற்சியை நம்பிக்கைக்குரிய துணையென்னலாம்; கைகண்ட மருந்தென்னலாகாது.

காலமறிதலும் வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட எலி ஆராய்ச்சி இதனை உணர்த்தும். காயமுற்ற உடனே ஓடவிட்ட எலிகளுக்குப் பயன் விளையவில்லை; கற்குந் திறனும் குன்றிற்று. இரு வாரங் கழித்து ஓடவிட்டவையோ தேறின. எலிக்குரிய நாட்கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆதலின், எப்போது தொடங்கலாம், எவ்வளவு செய்யலாம் என்பவற்றை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். வலிப்பு வரக்கூடியோர் தனியே நீந்துதலும் தெருவிற் சைக்கிள் ஓட்டுதலும் ஆகா. மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டோர்க்கு மிகுந்த காவல் வேண்டும். பேசிக்கொண்டே நடக்கத்தக்க வேகமே தொடக்கத்துக்கு ஏற்றது. களைப்பு மேலிடின் நிறுத்துக.

இவற்றையறிந்த பின் அத்தாயிடம் மீண்டும் சென்றோம். "படுக்கையிலேயே வைத்திருத்தல் சரியன்று, வைத்தியரைக் கேட்டு நடக்க விடுங்கள்" என்றோம். வைத்தியரும் இசைந்தார். இன்று அம்மாணவன் நாள்தோறும் காலையில் தம்பியுடன் கோயில் வீதியைச் சுற்றி வருகின்றான். முழுதும் மீண்டான் என்று சொல்லோம். முன்போல் விரைந்து படிக்கவும் இயலவில்லை. ஆயினும், சென்ற மாதம் நாம் கொடுத்த சிறுகதையின் முடிவை மறுநாள் அவனே எமக்குச் சொன்னான். நடை செய்த நன்மை எவ்வளவு, காலம் செய்தது எவ்வளவு என்று பிரித்துரைக்க எம்மால் இயலாது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். உங்களோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவருள் எவரேனும் இவ்வாறு வீட்டினுள் முடங்கியிருத்தல் கூடும். பழங்களுடன் ஒருமுறை பார்த்து வருதலோடு நின்றுவிடாதீர்கள். வைத்தியர் இசைந்தாராயின், வாரத்திற் சில நாளாவது அவரோடு கூட நடவுங்கள். நடைக்குத் துணையும் பேச்சுக்கு ஆளும் ஒருங்கே கிடைத்தல் அவருக்குப் பெரும் பேறாகும்.