திரும்பிப் போகாத டைன்ஹாம் மக்கள்
பேர்பெக் மாவட்டத்தின் ஆட்சியும் வரலாறும்

இங்கிலாந்து என்றதும் எமக்கு இலண்டன் மாநகரமும் ஆலைகளும் துறைமுகங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த நாட்டிலும் கோதுமை விதைத்து, ஆடு மாடு வளர்த்து, கடலில் வலை வீசி வாழும் கிராமங்கள் ஏராளம் உண்டு. அவற்றை யார் ஆண்டார்கள், ஒரு கிராமத்தவனுக்குத் தன் ஊரிலே என்ன உரிமை இருந்தது என்பதை அறிந்துகொள்வதற்காகப் பேர்பெக் என்னும் மாவட்டத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். இம்மாவட்டத்தைத் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதன் கமக்காரரிலும் ஒரு பகுதியினர் ஒரு மார்கழி மாதத்தில் ஊரைவிட்டுப் புறப்படும்படி பணிக்கப்பட்டவர்கள்.

முதலில் மாவட்டம் என்ற சொல்லை விளங்கிக்கொள்வோம். எமது நாட்டில் மாவட்டம் என்றால் கச்சேரியும் அரசாங்க அதிபரும் நினைவுக்கு வருவர். இங்கிலாந்தின் மாவட்டம் அதைவிடச் சிறியது. மக்கள் தெரிவு செய்த சபை ஒன்று அதனை நடத்தும். எமது பிரதேச சபையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருத்தம். அதற்கு மேலே கவுண்டி என்ற பெரும் பிரிவு. அதற்குக் கீழே ஊர்தோறும் ஒரு சிறு சபை அல்லது கூட்டம்.

பேர்பெக், தென் கரையிலுள்ள டோர்செற் கவுண்டியைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு ஏறத்தாழ 45,000 பேர் வாழ்ந்தனர். சுண்ணாம்புக் குன்றுகள், பற்றைக்காடு, மேய்ச்சல் நிலம், கல் உடைக்கும் இடங்கள், கடற்கரை என்று பல வகை நிலம். பேர்பெக் தீவு என்று அதன் தென்பகுதியை அழைப்பார்கள். உண்மையில் அது தீவு அல்ல, மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலம். வெயர்ஹாம் என்ற சிறு நகரமே தலைமையிடமாக இருந்தது.

இந்த வெயர்ஹாமில் மிகப் பழைய ஊராட்சிக் கணக்கு ஒன்று மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் டேனியர் கடல்வழியாக வந்து கொள்ளையிட்டு, 876ஆம் ஆண்டளவில் இந்நகரையே பிடித்து வைத்திருந்தனர். பின்னர் அல்பிரட் மன்னரின் காலத்தில் நகரைச் சுற்றி மூன்று பக்கமும் பெரும் மண் அணை எழுப்பப்பட்டது. நான்காம் பக்கம் ஆறு. அந்த அணையைக் காப்பதற்கு ஆள் எங்கிருந்து வருவது? ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடிய நிலத்தை ஒரு ஹைட் என்று கணக்கிட்டார்கள். ஒரு ஹைட் நிலத்துக்கு ஓர் ஆள். ஏறத்தாழ ஐந்து மீற்றர் அணைக்கு நான்கு ஆள். வெயர்ஹாமுக்கு 1,600 ஹைட் என்று பத்தாம் நூற்றாண்டின் பத்திரம் ஒன்று கூறுகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டு கிலோ மீற்றர் வரும். இன்று போய் அளந்தாலும் அணையின் நீளம் ஏறத்தாழ அதுவேதான். கமக்காரனிடம் எவ்வளவு நிலம் என்று அரசு கேட்கத் தொடங்கியது அவனுக்கு உதவுவதற்காக அல்ல என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

மன்னர்கள், கோட்டைகள் பற்றிய கதை நீளமானது. கோர்ஃப் என்ற இடத்துக் கோட்டையை உள்நாட்டு யுத்தத்தின்போது பாராளுமன்றப் படையினர் 1646இல் வெடிவைத்துத் தகர்த்தனர். அதன் கற்களை ஊரவர் எடுத்துத் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அதனை விட்டு நாம் ஊருக்குள் போவோம்.

ஊரை ஆண்டது பங்கு. எமது வாசகர்களுக்குப் பங்கு என்றால் கோவிலும் பங்குத்தந்தையும். இங்கிலாந்திலும் தொடக்கத்தில் அப்படித்தான். பின்னர் அரசு அந்தப் பங்கின் தலையிலேயே உலக வேலைகளையும் சுமத்தியது. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும். அதற்காக நிலமும் வீடும் வைத்திருப்போரிடம் வரி அறவிட வேண்டும். விதவைக்கு வாரப்படி, அநாதைப் பிள்ளைக்குத் தொழில் பழக்குதல், முதியவருக்கு விறகு, இறந்தவருக்குச் சவப்பெட்டி, எல்லாம் பங்கின் கணக்குப் புத்தகத்தில் ஏறின.

ஏழை என்றால் எந்த ஊர் ஏழை? இங்கேதான் சிக்கல் தொடங்கியது. 1662ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. வேற்றூரிலிருந்து வந்து, ஆண்டுக்குப் பத்துப் பவுணுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்பவன் இனிமேல் தமக்குச் சுமையாவான் என்று ஊரார் கருதினால், நாற்பது நாட்களுக்குள் முறையிட்டு அவனைச் சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். ஓராண்டு முழுவதும் ஒருவரிடம் வேலை செய்தால் அந்த ஊரில் உரிமை கிடைக்கும் என்று பின்னர் விதி வந்தபோது, சில பண்ணைக்காரர் ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டும் ஆள் பிடித்தனர்! ஒரு வாரக் குறைவில் ஒரு மனிதனின் ஊர் உரிமை போயிற்று. கர்ப்பிணிப் பெண்களை, பிள்ளை தம் ஊரில் பிறந்துவிடக்கூடாது என்று எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்ட கொடுமைகளும் நடந்தன.

கொடிய சட்டம்தான். ஆனாலும் அதற்கு இன்னொரு முகம் இருந்தது. எங்கே போனாலும் உன்னை ஏற்க மறுக்க முடியாத ஓர் ஊர் உனக்கு உண்டு என்று அச்சட்டம் சொன்னது. 1697இன் பின்னர், வேலை தேடிப் போகும் ஏழைகளுக்குச் சொந்தப் பங்கு ஒரு சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்: இவர் எம்மவர், தேவை ஏற்படின் நாமே திருப்பி ஏற்போம் என்று. போகும் ஊரில் அதனைக் காட்ட வேண்டும். அங்கே அதனைக் கோவிலில் இருந்த பெட்டகத்தில் பூட்டி வைப்பார்கள். அப்பெட்டகத்துக்கு மூன்று பூட்டுகள். ஒரு திறப்பு குருவிடம், மற்ற இரண்டும் கோவில் பொறுப்பாளர் இருவரிடம். மூவரும் கூடினால்தான் திறக்கும். காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த மூன்று பூட்டின் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை.

1834இல் இந்த ஒழுங்கு மாறியது. பல பங்குகளைச் சேர்த்து ஒன்றியமாக்கி, உதவி கேட்டு வருவோரை வேலைவிடுதி என்ற பொது இல்லத்துக்குள் அனுப்பினார்கள். வெயர்ஹாமிலும் அப்படியொன்று இருந்தது. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். உதவி கேட்கவே மக்கள் கூச வேண்டும் என்பதுதான் நோக்கம்.

உண்மையான மாற்றம் 1894இல் வந்தது. அதுவரை ஊர்க் கூட்டத்தில் கூடுதல் சொத்துள்ளவருக்கு ஆறு வாக்குகள் வரை இருந்தன. 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றது. பெண்களும் வாக்களிக்கலாம், சபையில் அமரலாம். 300 பேருக்கு மேற்பட்ட கிராமப் பங்குக்குத் தெரிவு செய்யப்பட்ட சபை. அதற்குக் குறைந்தால் ஊரார் எல்லோரும் கூடும் கூட்டம். கோவில் அலுவல் கோவிலோடு, ஊர் அலுவல் ஊரோடு என்று இரண்டும் பிரிந்தன. சட்டத்தில் ஒரு சிறு விதி எமக்கு மிகவும் பிடித்தது. ஊர்க் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக்கூடாது. வயலில் வேலை செய்பவன் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வரவேண்டுமல்லவா? வேறு இடம் கிடைக்குமாயின் மதுச்சாலையில் கூடவும் கூடாது. காணியற்ற தொழிலாளருக்குத் தோட்டத்துண்டு கொடுப்பதற்காக நிலத்தைக் கட்டாயக் குத்தகைக்கு எடுக்கவும் வழி செய்யப்பட்டது.

இவ்வாறு ஊருக்கு ஒரு வாய் கிடைத்து ஐம்பது ஆண்டுகள் நிறையுமுன் டைன்ஹாமுக்குச் சோதனை வந்தது.

டைன்ஹாம், கடலோரப் பள்ளத்தாக்கில் இருந்த சிறிய கிராமம். ஒரு கோவில், ஒரு பாடசாலை, ஒரு தபாற்கந்தோர், வரிசையாகக் கல் வீடுகள். பிள்ளைகள் குறைந்தபடியால் பாடசாலை 1932இலேயே மூடப்பட்டது. ஊரில் பெரும்பாலான நிலமும் வீடுகளும் பொண்ட் குடும்பத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் வாடகைக்கும் குத்தகைக்கும் இருந்தவர்கள். அருகில் முதலாம் உலக யுத்தக் காலத்திலிருந்தே இராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடல் இருந்தது. 1943இல் பிரான்ஸ் கரையில் இறங்குவதற்கான ஆயத்தம் நடந்தது. தாங்கிகளுக்கு இடம் போதவில்லை. 1939ஆம் ஆண்டின் அவசரகால அதிகாரச் சட்டத்தின் துணையோடு, நவம்பர் 16ஆம் திகதியிட்ட கடிதம் வீடு வீடாகச் சென்றது. டிசம்பர் 19ஆம் திகதிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். 7,500 ஏக்கர், 102 மனைகள், 225 பேர். நத்தாருக்கு ஆறு நாட்கள் இருந்தன.

மக்கள் எதிர்க்கவில்லை. நாட்டுக்காக என்று ஏற்றுக்கொண்டார்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பினார்கள். புறப்படும்போது எவெலின் பொண்ட் என்ற பெண்மணி கோவில் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் குத்திவிட்டுப் போனார். கோவிலையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படியும், ஒருநாள் தாங்கள் திரும்பி வருவார்கள் என்றும் படையினருக்கு அதில் எழுதியிருந்தது.

நட்டஈடு என்ன கிடைத்தது? நிலம் சொந்தமில்லாத குடிகளுக்கு வீட்டுத் தோட்டத்தில் நின்ற மரக்கறிகளின் பெறுமதிதான். வீட்டுக்கு வாடகை கொடுத்தவன் வீட்டை இழந்ததாகக் கணக்கில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலில் வலை இழுத்தவன் கடலை இழந்ததாகவும் கணக்கில்லை. சட்டத்தின் கண்ணுக்குக் கோவா மட்டும் தெரிந்தது.

யுத்தம் 1945இல் முடிந்தது. மக்களைத் திரும்ப விடவில்லை. 1948இல் அரசு அந்த நிலம் முழுவதையும் கட்டாயமாகக் கொள்வனவு செய்யும் முடிவை எடுத்தது. இதிலே ஒரு பொருத்தம் உண்டு. அதே 1948இல்தான் நாட்டு உதவிச் சட்டம் வந்து, பழைய ஏழைச் சட்டத்தை முற்றாக நீக்கியது. வேலைவிடுதியின் அவமானம் ஒழிந்தது. அதற்காக எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் இவர் எம்மவர், நாமே திருப்பி ஏற்போம் என்று சொல்லும் பங்கும் அத்தோடு போயிற்று. எந்த ஊரிலும் உதவி பெறும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. குறித்த ஓர் ஊருக்குத் திரும்பும் உரிமை டைன்ஹாம் குடிகளுக்கு எந்த ஏட்டிலும் இருக்கவில்லை.

உள்ளூர்ச் சபைகளால் இயன்றது வீடு. டைன்ஹாம் மக்களில் சிலருக்கு வெயர்ஹாமுக்கு அருகே சான்ட்ஃபோர்ட் என்ற இடத்தில் சபை வீடுகள் கிடைத்தன. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடுகள். டைன்ஹாமில் விளக்கொளியில் வாழ்ந்தவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. புதிய வீட்டை விரும்பியவர்களும் அவர்களிடையே இருந்தனர். இளையவருக்கு ஒரு மனம், மூத்தவருக்கு ஒரு மனம். இதனை மறைத்து, எல்லோரும் ஒரே குரலில் அழுதார்கள் என்று எழுதுவது சரியல்ல.

1968இல் றொட்னி லெக் என்னும் இளம் எழுத்தாளர் டைன்ஹாமைத் திருப்பிக் கேட்கும் இயக்கத்தைத் தொடங்கினார். வெளியேறி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பாதுகாப்பு அமைச்சின் காணிகளை ஆராய்ந்த நியூஜென்ட் பிரபுவின் குழு 1973இல் அறிக்கை தந்தபோது, இந்நிலத்தை விடுவிக்கும்படி சிபாரிசு செய்தது. அரசு ஏற்கவில்லை. 1975இலிருந்து வார இறுதிகளில் பாதைகள் திறக்கப்பட்டன. குடியிருக்க அல்ல, நடந்து பார்க்க. இந்த வழக்கில் எமக்கு ஒரு விடயம் உறுத்துகிறது. கேட்டவர்களில் ஒரு பகுதியினர் பாதைகளையும் கரையையும் கேட்டார்கள். குடிகள் கேட்டது வீட்டை. இரண்டும் ஒரே கோரிக்கையாகப் பேசப்பட்டது, கிடைத்தது பாதை.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி, வெயர்ஹாம் நகர சபையையும் சுவானேஜ் நகர சபையையும் சுற்றியிருந்த கிராமச் சபையையும் ஒன்றாக்கி, பேர்பெக் மாவட்ட சபை உருவானது. கட்டிட அனுமதி, குப்பை அகற்றல், வீட்டுத் திட்டம் அதன் வேலைகள். பாடசாலையும் பெருந்தெருக்களும் கவுண்டி சபையிடம் இருந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி அந்த மாவட்ட சபையும் கலைக்கப்பட்டது. இப்போது டோர்செற் சபை என்ற 82 உறுப்பினர் கொண்ட ஒரே சபை எல்லாவற்றையும் பார்க்கிறது. சிக்கனம் என்பது சொல்லப்பட்ட காரணம். முறைப்பாட்டுக்கு முன்பு வெயர்ஹாமுக்குப் போன கமக்காரனுக்குத் தலைமையிடம் இப்போது டோர்செஸ்ரர்.

மேலே இத்தனை சபைகள் வந்து போயின. அடியிலிருந்த பங்கு மட்டும் நிற்கிறது. குடியில்லாத டைன்ஹாமும் அதில் அழிக்கப்படவில்லை. பக்கத்து ஊரோடு சேர்த்து, ஸ்டீபிளும் டைன்ஹாமும் என்ற பெயரில் ஒரு பங்காக இன்றும் பதிவில் உள்ளது. கோவிலும் பாடசாலையும் பழுதுபார்க்கப்பட்டு, காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வீடுகளுக்குக் கூரை இல்லை. எண்பது ஆண்டுகளாகக் கலப்பையும் உரமும் படாத வயல்களில் அரிய பூச்செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பெருகியிருப்பதாகச் சொல்கிறார்கள். திறக்கும் நாட்களில் வருவோர் மஞ்சள் நிறக் கட்டைகளுக்கு நடுவே மட்டும் நடக்க வேண்டும்; வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. மற்ற நாட்களில் சுடும் பயிற்சி நடக்கிறது, படலை பூட்டியிருக்கும்.