வெளியே சற்றுக் காத்திருங்கள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து எங்களிடம் வரும் இளம்பெண்கள் பெரும்பாலும் வயிற்றுவலி, தூக்கமின்மை என்றே பேச்சைத் தொடங்குவர். சிலர் போருக்குத் தப்பியோரின் பிள்ளைகள். சிலர் 2022-ஆம் ஆண்டு நெருக்கடியில் படகேறி வந்தோர். உடன்வந்த தாயோ கணவரோ இருக்கையில் அவர்கள் அதற்குமேல் பேசுவதில்லை. அதனாலேயே உங்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறோம், அது அவமதிப்பன்று.

அச்சம் மிகும்போது உடல் உறைந்துவிடும். 'வேண்டாம்' என்னும் சொல்லும் எழாது. அந்த மௌனம் சம்மதமாகாது. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குப் பல ஆண்டுகள் கழித்தும், அன்பான கணவர் தொடும்போதுகூட இடுப்புத் தசைகள் தாமாகவே இறுகலாம். இதைப் பிடிவாதம் என்று மாமியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது சிகிச்சையால் சீராகக்கூடிய துன்பம், கட்டாயப்படுத்தினால் முற்றும்.

பரிசோதனையின்போது அவர் கையுயர்த்தினால் நிறுத்திவிடுவோம். கருத்தடை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்போம். 18 வயது நிறைந்தவரின் கருக்கலைப்புக்குக் கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை.

வன்முறை நேர்ந்திருப்பின் உடனே அழைத்து வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும்; அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் தாமதம் ஆகாது. காவல்துறையில் புகார் அளித்த பின்னரே சிகிச்சை என்பதில்லை. எந்த மருத்துவமனையாயினும் இச்சிகிச்சைக்குக் கட்டணம் பெறலாகாது என்பது சட்டம்.