கடலைக்காட்டு ஜெபக்கூட்டம்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டெரல் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் தாலுகா அளவுக்கு ஒரு நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் பூமி. நிலக்கடலையும் பருத்தியும்தான் வெள்ளாமை. 1960 கணக்கெடுப்பின்படி அங்கே கறுப்பின மக்கள் 8,209 பேர், வெள்ளையர் 4,533 பேர். ஆனால் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் வெறும் 51 பேர். வெள்ளையர்களோ 2,894 பேர்.

இது எப்படி நடந்தது என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிலம் யார் கையில் இருந்ததோ, அவர்கள் கையில்தான் பட்டியலும் இருந்தது. பெயர் சேர்க்கப் போனால் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய கறுப்பின ஆசிரியர்களையே உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மத்திய அரசு 1958இல் வழக்குப் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த 1958ஆம் ஆண்டில்தான் டெரலின் தலைநகரான டாசனில் ஜேம்ஸ் பிரேசியர் என்ற கறுப்பினத் தொழிலாளியைப் போலீசார் அடித்துக் கொன்றார்கள். புதுக் கார் வாங்கி ஓட்டியது உள்ளூர்ப் போலீசாரின் கண்ணை உறுத்தியது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடையாது. புல்லட் வாங்கிய பையனைத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன ஊர்களை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அக்கம்பக்கத்தில் அந்தக் கவுண்டிக்கு ‘பயங்கர டெரல்’ என்றே பெயர்.

இப்படிப்பட்ட ஊரில் நாலு பேர் கூடிப் பேச எங்கே போவது? வாரத்துக்கு உழுபவன் குடியிருக்கும் வீடு பண்ணையாருடையது. பள்ளிக்கூடம் கவுண்டி நிர்வாகத்தினுடையது. அங்கே கூட்டம் போட்டால் மறுநாளே வாத்தியார் வேலை போய்விடும். அவர்களுக்கென்று சொந்தமாக இருந்த கூரை ஒன்றே ஒன்றுதான். காசு சேர்த்து, மரம் அறுத்து, கடலைக்காட்டின் ஓரத்தில் அவர்களே கட்டிக்கொண்ட சின்னச் சின்ன ஆலயங்கள்.

1961இல் சார்லஸ் ஷெராட் என்ற இறையியல் படித்த இளைஞர் அந்தப் பகுதிக்கு வந்தார். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர். அவரும் அவருடைய தோழர்களும் வாக்காளர் பதிவுக் கூட்டங்களை ஜெபக்கூட்டங்களாகவே நடத்தினார்கள். வேத வாசிப்பு, பாட்டு, ஜெபம், பிறகு நாளைக்கு யார் யார் பட்டியலில் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி.

1962 ஜூலை 25, புதன்கிழமை இரவு. சாசர் என்ற சிற்றூரில் மவுண்ட் ஆலிவ் பாப்டிஸ்ட் ஆலயம். ஒலிவமலை என்றால் நம் கிறிஸ்தவ வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். உள்ளே 38 கறுப்பர்களும் இரண்டு வெள்ளைத் தோழர்களும். ஷெரீப் மேத்யூஸ், எழுபது வயதுக்காரர், தம் ஆட்களோடு உள்ளே நுழைந்தார். ஒருவர் இடுப்பில் துப்பாக்கி. இன்னொருவர் கையில் நீளமான டார்ச் விளக்கு. அதை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். வெளியே நின்ற வண்டிகளின் எண்களை ஆட்கள் குறித்துக்கொண்டார்கள். எங்கள் கறுப்பர்கள் கடந்த நூறு வருஷமாக எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கட்டும் என்பதுதான் ஷெரீப் சொன்னதன் சாரம். அங்கே இருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் கிளாட் சிட்டன் இதையெல்லாம் அப்படியே எழுதினார். நாடே படித்தது.

அன்றைக்கு ஷெராட் செய்த ஜெபத்தின் சாரத்தையும் சிட்டன் பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு காலமாக மிதிபட்டுக் கிடக்கிறோம் என்று ஆண்டவரிடம் முறையிட்டார். உம் பார்வையில் எல்லாரும் சமம் என்பது வெள்ளைச் சகோதரர்களுக்குப் புரிய வேண்டும் என்றார். அவர்கள் செய்யும் கொடுமைக்கு முன் நிற்கும் தைரியத்தைத் தாரும் என்று கேட்டார். கேட்டது யார் முன்னிலையில் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் இயக்கத் தோழர்கள் சிலருக்கு ஜெபம் என்றாலே இளக்காரம். கண்ணை மூடச் சொல்லி நிலத்தைப் பிடுங்கினார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ‘எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று ஆண்டைக்கு வசதியான ஜெபம் சொல்லித் தரும் போதகர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் டெரலில் நடந்தது வேறு. அங்கே நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சத்தமாக ஜெபிப்பது என்பது, மறுநாள் பதிவு அலுவலகத்தில் தன் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்கான பயிற்சி.

வெள்ளைக்காரர்களுக்கும் அது விளங்கியிருந்தது. 1962 ஆகஸ்டில் பக்கத்து லீ கவுண்டியில் ஷேடி குரோவ் ஆலயம் எரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று மவுண்ட் ஆலிவும் மவுண்ட் மேரி ஆலயமும் சாம்பலாயின. ஒரு வாரம் கழித்து டாசன் அருகே இன்னொன்று. எரித்தவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஆலயத்தில் அதே பரமண்டல ஜெபத்தைச் சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஞாயிறு காலை பதினோரு மணிதான் அமெரிக்காவில் மனிதர்கள் அதிகமாகப் பிரிந்து கிடக்கும் நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் சொல்வதுண்டு. கல்லறைக்கே நடுவில் சுவர் எழுப்பிய நம் ஊர் சபைகளுக்கு இது பழக்கமான செய்தி.

களப்பணியாளர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் டாசனில் அழகு நிலையம் வைத்திருந்த கரோலின் டேனியல்ஸ். வாடிக்கையாளர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள். அதனால் அவரை வேலையை விட்டு நீக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. ஆலயங்கள் எரிவதற்குச் சில நாள் முன்பு அந்த வீட்டை நோக்கிச் சுட்டார்கள். உள்ளே இருந்து காயம்பட்டவர்களில் ஒருவர் பிரத்தியா ஹால். பிலடெல்பியாவில் ஒரு போதகரின் மகள், வயது 22.

அந்த மாதமே மவுண்ட் ஆலிவின் சாம்பலருகே ஜெபக்கூட்டம் நடந்தது. கிங் வந்திருந்தார். பிரத்தியா ஹால் ஜெபித்தார். எனக்கொரு கனவு இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவர் ஜெபித்ததாகவும், கிங் பிற்பாடு அந்தச் சொல்லைக் கையில் எடுத்ததாகவும் இயக்கத்தில் உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மறுவருடம் ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கிங் பேசியதை உலகம் அறியும். கடலைக்காட்டில் நின்று ஜெபித்த பெண்ணை நம் பாடநூல்கள் அறியாது. அவர் பின்னாளில் போதகரானார், முனைவர் பட்டம் பெற்றார், 2002இல் காலமானார்.

1959இல் கிங் இந்தியா வந்தபோது கேரளத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சங்கடமாக இருந்தது, யோசித்தபோது உண்மை என்று பட்டது என்று 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங்கே சொன்னார். அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. மவுண்ட் ஆலிவில் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது.

நிலம் கிடைக்கவில்லை. வாக்குக் கேட்டுப் பட்டியலில் சேர்ந்த பல குடும்பங்களைப் பண்ணைகளிலிருந்து விரட்டினார்கள். ஷெராட் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. அவர் மனைவி ஷெர்லியின் தந்தை ஒரு விவசாயி, சபையில் டீக்கன். 1965இல் அவரை ஒரு வெள்ளை விவசாயி சுட்டுக் கொன்றார். வழக்கே நடக்கவில்லை. இந்தத் தம்பதியும் மற்றவர்களும் 1969இல் லீ கவுண்டியில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஏறத்தாழ 5,700 ஏக்கரைப் பொதுச் சொத்தாக வாங்கினார்கள். யாரும் தனியாக விற்க முடியாத ஏற்பாடு. பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எண்பதுகளில் வறட்சி வந்தது. வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அரசுக் கடன் இவர்களுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் போயிற்று.

கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மீது போட்ட பாகுபாட்டு வழக்கில் 2009இல் நியூ கம்யூனிட்டீசுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அந்தப் பணத்தில் 2011இல் ஆல்பனி அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய தோட்டம் அது.