மலைகளுக்கு நடுவே தேங்கும் காற்று

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது சான் வாக்கின் பள்ளத்தாக்கு. கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே டெஹாச்சபி மலைகள் என மூன்று பக்கமும் அடைப்பு. இதன் தென்பாதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது விசேலியா. துலாரே மாவட்டத்தின் தலைநகரமான இங்கே சுமார் 1,40,000 பேர் வாழ்கிறார்கள். அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் நிற்கும் விட்னி சிகரத்தின் உயரம் 4,421 மீட்டர். ஊரைச் சுற்றி ஆரஞ்சு, பாதாம், பிஸ்தா, திராட்சைத் தோட்டங்களும், நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் அடங்கும் மாட்டுப் பண்ணைகளும் உள்ளன. பெரிய ஆலை நகரம் அல்ல. ஆனாலும் அமெரிக்காவின் மிக மோசமான காற்று உள்ள ஊர்களில் இதுவும் ஒன்று.

குளிர்காலத்தில் மேலே உயரழுத்தம் நிலைகொள்ளும்போது காற்று கீழ்நோக்கி அமிழ்ந்து சூடாகிறது. மேகமில்லாத நீண்ட இரவுகளில் தரையோ வேகமாகக் குளிர்கிறது. வழக்கமாக உயரே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இப்போது கீழே குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது மேலெழாது. பக்கவாட்டில் வெளியேறவும் மலைகள் விடுவதில்லை. சில நூறு மீட்டர் தடிமனுள்ள அந்த அடுக்குக்குள்தான் ஊரின் புகை முழுவதும் சேர்கிறது. மழையோ புயலோ வரும்வரை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். டூலி மூடுபனி எனப்படும் அடர்ந்த பனிமூட்டம் உருவாவதும் இத்தகைய நாட்களில்தான்.

இந்தக் காற்றிலுள்ள நுண்துகள்களில் பெரும்பங்கு புகைக்கூண்டிலிருந்து நேரே வருவதில்லை, காற்றிலேயே உருவாகிறது. 99-ஆம் எண் நெடுஞ்சாலையின் டீசல் லாரிகளும் பண்ணை எந்திரங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகின்றன. அவை ஓசோனோடு வினைபுரிந்து நைட்ரிக் அமிலமாகின்றன. மாட்டுச் சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அந்த அமிலத்தோடு சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட் பிறக்கிறது. குளிரும் ஈரமும் இருந்தால் அது வாயுவாகப் பிரியாமல் துகளாகவே நிற்கும். இவ்வினை இரவில் தரைக்குச் சற்று மேலுள்ள அடுக்கில் அதிகம் நடக்கிறது. காலை வெயிலில் காற்று கலக்கும்போது துகள்கள் கீழே இறங்குகின்றன. 2013 ஜனவரி, பிப்ரவரியில் நாசாவின் விமானங்கள் இப்பள்ளத்தாக்கின் மேல் பறந்து, துகள்கள் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தன.

அம்மோனியா இங்கே தேவைக்கு மேல் இருப்பதால் அதைக் கொஞ்சம் குறைத்துப் பெரிய பலனில்லை. தட்டுப்பாடாக இருப்பது நைட்ரிக் அமிலம்தான். ஆகவே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதே முதல் வழி. வீடுகளில் விறகு எரிப்பதும் குளிர்காலத் துகள்களைக் கூட்டுகிறது. அதற்காகவே மோசமான நாட்களில் விறகடுப்புக்குத் தடை அறிவிக்கப்படுகிறது.

2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். அவற்றுக்கு அமெரிக்க ஆண்டுச் சராசரி வரம்பு 2024-இல் கன மீட்டருக்கு 12-லிருந்து 9 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கு பழைய வரம்பையே எட்டத் திணறி வந்தது.

வசந்தம் ஓரளவு நிம்மதியான காலம். கோடையில் எதிரி மாறுகிறது. வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதே நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமச் சேர்மங்களோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. அந்தச் சேர்மங்கள் வாகன எரிபொருளிலிருந்து மட்டும் வருவதில்லை; மாடுகளுக்காகக் குவித்து மூடிப் புளிக்கவைக்கும் மக்காச்சோளத் தீவனத்திலிருந்தும் வருகின்றன. பகலில் மலைச்சரிவில் ஏறும் காற்று இந்த ஓசோனைச் செக்கோயா தேசியப் பூங்காவரை கொண்டுபோகிறது. ஆலையே இல்லாத அந்தக் காட்டிலும் ஓசோன் எச்சரிக்கை விடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பாதாம் அறுவடை. எந்திரம் மரத்தை உலுக்கும். கொட்டைகள் தரையில் காய்ந்தபின் வரிசையாகக் கூட்டி அள்ளப்படும். அப்போது கிளம்பும் தூசி பெரும்பாலும் பெரிய துகள்கள். காய்ந்த மண்ணிலுள்ள காக்சிடியாய்டஸ் பூஞ்சையின் வித்துகள் தூசியோடு பறந்து நுரையீரலில் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்குவதும் உண்டு. இதே மாதங்களில் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்கிறது. 2020, 2021 ஆண்டுகளில் சியரா நெவாடாவில் பரவிய தீ ஆயிரக்கணக்கான செக்கோயா மரங்களைக் கொன்றது. அதன் புகை ஊர்களின் மேல் வாரக்கணக்கில் படிந்தது.

பயன் முடிந்த பழத்தோட்டங்களைப் பிடுங்கித் தீயிடும் வழக்கத்தை நிறுத்த 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது; பலமுறை தள்ளிப்போய், 2025 தொடக்கத்தோடு அவ்வழக்கம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. இப்போது மரங்களைச் சிறு துண்டுகளாகச் சீவி அதே மண்ணில் உழுது கலக்கிறார்கள். செலவு கூடினாலும் இது நல்ல மாற்றம். இருபது ஆண்டுகள் முன்பே முழுமையாக நடந்திருக்க வேண்டியது.

இந்தக் காற்றை அதிகம் சுவாசிப்பவர்கள் வயலில் நாள் முழுதும் நிற்கும் கூலித் தொழிலாளர்கள். காற்றுத் தரக் குறியீடு 151-ஐ எட்டினால் முதலாளி அவர்களுக்கு முகக்கவசம் தர வேண்டும் என்று கலிபோர்னியா 2019-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் அந்த விதி காட்டுத்தீப் புகைக்கு மட்டுமே உரியது. குளிர்கால நைட்ரேட்டுக்கும் கோடை ஓசோனுக்கும் பொருந்தாது.