டி.வி.டி. தட்டும் படத்தொகுப்பும்

கல்லூரி விழாக்களின் பழைய காட்சிகள் பலவற்றிற்கு இன்று எஞ்சியுள்ள சான்று ஒரு டி.வி.டி. தட்டாகவே இருத்தல் கூடும். மூல நாடா அழிந்திருக்கும். மறைந்த ஆசிரியர் ஒருவரின் முகமும் குரலும் அத்தட்டிலன்றி வேறெங்கும் இரா. அதனின்று புதுப்படம் தொகுக்கப் புகும் மாணவர் அதன் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இத்தட்டு காண்பதற்கென்று அமைந்ததேயன்றி வெட்டி ஒட்டுதற்கென்று அமைந்ததன்று. ஓரடுக்குத் தட்டில் அடங்குவன 470 கோடி பைட்டுகளே. நம் நாட்டில் வழங்கிய பால் முறைப்படி விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும் உடையது. இவற்றைச் சுருக்காது வைப்பின் ஏறத்தாழ ஐந்து நிமிடக் காட்சியிலேயே தட்டு நிரம்பிவிடும். ஆதலின் எம்பெக்-2 என்னும் முறையாற் சுருக்குகின்றனர். இம்முறையில் பெரும்பாலும் அரை விநாடிக்கு ஒரு படமே முழுமையாகப் பதியப்பெறும். இடைப்பட்டவை அண்டைப் படங்களினின்று வேறுபடும் பகுதிகளையே கொண்டிருக்கும். அண்டைப் படம் நீங்கின் அவை பொருளிழக்கும். நினைத்தவிடத்தில் வெட்டுதல் அரிதாவது இதனாலன்றோ?

ஆகவே, முதலாவது, தட்டிலுள்ள கோப்புகள் அனைத்தையும் கணினியிற் படியெடுத்தல் வேண்டும். 1 கிகாபைட்டு அளவிற்கு மேற்படாமல் துண்டிக்கப்பட்ட வி.ஓ.பி. கோப்புகளை முறைப்படி இணைத்துக்கொள்க. இன்றேல் சந்துகளில் ஒலி அறுபடும். இரண்டாவது, ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும் புரோரெஸ் போன்ற வடிவிற்கு ஒருமுறை மாற்றுக. இதனால் இழந்த தெளிவு மீளாது. எனினும் தொகுக்குந்தோறும் மேலும் தேய்தல் தவிரும். மூன்றாவது, நாடாவிலிருந்து வந்த காட்சிகளில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் விநாடியின் ஐம்பதிலொரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. கணினித் திரையில் அசையும் கைகால்களின் ஓரம் சீப்பின் பற்கள்போல் தோன்றுவது இதனாலேயே. கணினிக்கென்றே படம் செய்வோர் அவ்வரிகளைப் பிரித்துச் சீர்செய்தல் வேண்டும். நான்காவது, அகல உயர விகிதத்தைச் சரியாகக் குறிக்க. தவறின் முகங்கள் மெலிந்தோ பருத்தோ காணும்.

விலைக்கு விற்கும் திரைப்படத் தட்டுகளோ பெரும்பாலும் மறைகுறியீட்டாற் பூட்டப்பட்டவை. உரிமையை மீறும் நோக்கத்துடன் அப்பூட்டை உடைத்தல் 2012-இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகும். அவற்றை நாம் நாடவேண்டுவதில்லை. நம் பேழைகளில் உறங்குவனவே பல. வீட்டிற் பதிந்த தட்டுகளின் சாயம் காலப்போக்கிற் கெடும் இயல்பினது. ஆதலின், பழைய மாணவர்களே, தொகுப்பது பின்னர் ஆகுக. படியெடுப்பதை இவ்விடுமுறையிலேயே செய்து முடிப்பீராக.