விலாசம் மாறினால் தபால் என்னாகும்?

தறியை ஏற்றிக்கொண்டு வேறூர் செல்லும் நெசவாளரும், குத்தகை முடிந்து இடம் மாறும் பயிரிடுவோரும் பாத்திரம் பண்டங்களை எண்ணி எடுத்துச் செல்கின்றனர். தபாலைப்பற்றி எண்ணுவோர் சிலரே. விலாசதாரர் ஊரில் இல்லை என்ற குறிப்புடன் திரும்பிய உறைகளைச் சங்க அலுவலகங்களில் அடிக்கடி காண்கிறேன். அவற்றுள் பொதுப்பேரவைக் கூட்ட அறிவிப்புகளும் உண்டு. தவணை தவறிய கடனுக்கான நோட்டீசுகளும் உண்டு.

தபாலைப் புது விலாசத்திற்குத் திருப்புவதை அஞ்சலகத்தார் ‘ரீடைரக்ட்’ செய்தல் என்பர். இதற்கு மனுக் கொடுக்க வேண்டிய இடம் புதிய ஊர்த் தபால் நிலையம் அன்று. இதுவரை தபால் வழங்கிவந்த பழைய நிலையமே. பலர் இதனை மாற்றிக் கொள்கின்றனர். பழைய விலாசமிட்ட உறை முதலில் சென்றடைவது பழைய நிலையத்தையே என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். மனுவில் இரு விலாசங்களும், எந்த நாள் முதல் என்பதும், யார் யாருடைய தபால் என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஏனையோரும் கையொப்பமிடுவது நலம். 1972இல் ஏற்பட்ட ஆறு இலக்கப் பின் கோடு எண்ணை விட்டுவிடலாகாது. புதுப்பாளையம் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் உள்ளன!

பழைய வீட்டிலிருப்போர் உறையைப் பிரிக்காமல், பழைய விலாசத்தை அடித்துப் புதியதை எழுதித் தபால்காரரிடம் கொடுத்தாலும் போதும்.

ஆயினும் இவை இடைக்கால ஏற்பாடுகளே. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் விலாசத்தை எழுத்து மூலம் மாற்றி, ஒப்புகை பெறுதல் இன்றியமையாதது. “எனக்குத் தபால் வரவில்லை” என்பது எப்போதும் தக்க விடையாகாது. 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சட்டப்படி தபாலில் அனுப்பவேண்டிய அறிவிப்பைச் சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது உரிய காலத்தில் சேர்ந்ததாகவே கொள்கிறது. (பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது.) அங்கத்தினர் தாமே கொடுத்த விலாசம் மாற்றப்படாமல் இருக்கையில், அது தவறான விலாசம் என்று வாதிடுவது எளிதன்று.

பார்சலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்பதை மனுக் கொடுக்கும்போதே கேட்டறிக. தனியார் கூரியர் நிலையங்களைத் தபால் நிலைய மனு கட்டுப்படுத்தாது. நூலுக்கோ விதைக்கோ ஆர்டர் கொடுத்துவிட்டு இடம் மாறுவோர், சரக்குப் புறப்படுமுன் அனுப்பும் கடைக்கே புது விலாசத்தைத் தெரிவித்தல் வேண்டும்.