ஒரு கணினியில் இரு முறைமைகள்

கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்து வயல்களுக்கு இரணைமடுக் குளத்தின் நீர் துருசு வழியாக வெளிப்பட்டுப் பெருவாய்க்காலிற் சென்று, கிளை வாய்க்கால்களிற் பிரிந்து வந்து சேர்கின்றது. ஒருநாட் காலை தன் வயலுக்கு நீர் வரவில்லை என்று கண்ட கமக்காரன், குளம் வற்றிவிட்டது என்று கூக்குரலிடுவதில்லை. வாய்க்காற் கரையில் நடந்து, நீர் எவ்விடம்வரை வந்து எவ்விடத்தில் நின்றது என்று பார்க்கின்றான். கதவு மூடியிருப்பின் திறக்கின்றான். கரை உடைந்திருப்பின் அடைக்கின்றான். தொடங்க மறுக்கும் கணினியின் முன் அமர்ந்திருப்பவரும் கைக்கொள்ளவேண்டிய முறை இதுவேயாகும்.

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு பணிசெயல் முறைமைகளை நிறுவி வைத்திருக்கும் வழக்கம் இன்று கிராமப்புறங்களிலும் பரவி வருகின்றது. பழகிய வேலைகளை விண்டோசிற் செய்துகொண்டு, பழைய கணினியை விரைவாக இயக்குவதற்குச் செலவின்றிக் கிடைக்கும் லினக்ஸையும் பயன்படுத்துவோர் பலர். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றமை இவ்வழக்கத்துக்கு மேலும் ஒரு காரணமாயிற்று. புதிய விண்டோசை ஏற்க வலுவற்ற கணினிகளை எறிந்துவிட யாருக்குத்தான் மனம் வரும்?

ஆயின், ஓர் உறையில் இரு வாள்களை இட்டால் உரசல் உண்டாவது இயல்பு. ஒருநாள் கணினியை இயக்கினால் லினக்ஸ் காணாமற் போயிருக்கும். அல்லது விண்டோஸ் மறைந்திருக்கும். அல்லது கரிய திரையில் ஆங்கில எழுத்துக்கள் சில மட்டும் நிற்கும். அவ்வேளையில் அருகிலிருப்பவர் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்." திறப்புத் தொலைந்ததற்காக வீட்டை இடிப்பதை ஒத்தது இவ்வறிவுரை. வீட்டினுள்ளே இருக்கும் பொருள்களுக்கு யாதொரு கேடும் நேர்ந்திராது. உட்செல்லும் வழி மட்டுமே தடைப்பட்டிருக்கும்.

அழிவு எத்தகையது என்பதை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இடப்பெயர்வுகளிற் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் திருமணப் புகைப்படங்களையும் இழந்த குடும்பங்கள் பல. எஞ்சியவற்றையும், உறவினரிடமிருந்து மீளப் பெற்றவற்றையும் பிரதிசெய்து கணினியிற் சேமித்து வைத்திருப்போரும் உளர். அத்தகைய ஒரு வன்தட்டை அவசரத்தில் அழித்துவிடுதல், ஒருமுறை இழந்ததை மறுமுறையும் இழப்பதாகும். ஆதலின் கணினி எவ்வாறு தொடங்குகின்றது என்பதை அறிந்திருத்தல் நன்று.

மின் ஆளியை அழுத்தியதும் முதலில் விழித்தெழுவது தாய்ப்பலகையிற் பதிக்கப்பட்டுள்ள சிறிய நிரலாகும். பழைய கணினிகளில் அதன் பெயர் பயோஸ், புதியவற்றில் யூஈஎவ்ஐ. நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு முதலியவை உள்ளனவா என்று அது பரிசோதிக்கும். அடுத்து, முறைமையை எழுப்பும் தொடக்கியைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். லினக்ஸின் தொடக்கிகளுட் பெரிதும் வழங்குவது கிரப் என்பதாகும். எந்த முறைமை வேண்டும் என்று வினவும் பட்டியலைத் திரையில் இடுவது அதுவே. தெரிவுசெய்யப்பட்ட முறைமையின் கருநிரல் நினைவகத்தில் ஏற்றப்பட்ட பின்னரே பயனர் பெயர் கேட்கும் திரை தோன்றும். துருசு, பெருவாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் என்னும் வரிசை போன்றதே இதுவும்.

பயோஸ் வழியாகத் தொடங்கும் பழைய கணினிகளில், தொடக்கி தங்குமிடம் வன்தட்டின் முதல் 512 பைற்றுக்களாகும். அவற்றுள் 446 பைற்றுக்கள் தொடக்கும் கட்டளைகளுக்கும், 64 பைற்றுக்கள் வன்தட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும், இறுதி 2 பைற்றுக்கள் அடையாளக் குறிக்கும் உரியவை. அவ்விடம் ஒருவர் மட்டுமே நிற்கத்தக்கது. லினக்ஸ் இருக்கும் கணினியில் விண்டோசை மீள நிறுவினால், அது தன் கட்டளைகளை அங்கே எழுதிவிடும், கிரப் நீங்கிவிடும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பலர் எண்ணிக் கலங்குவது இந்நிலையிலேதான். யூஈஎவ்ஐ முறையிலோ, வன்தட்டில் தனியாக ஒரு சிறு பிரிவு ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு முறைமைக்கும் அங்கே ஒரு கோப்புறை அமைகின்றது. எதனை முதலில் அழைப்பது என்னும் வரிசை தாய்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கும். எனவே இங்கு ஒன்று மற்றொன்றை அழிப்பது அரிது. வரிசை மாறிப்போவதே மிகுதி.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்னும் வள்ளுவர் அறிவுரை இங்கும் பொருந்தும். கணினி எவ்விடத்தில் நிற்கின்றது என்பதே நோயின் குறியாகும்.

முதலாவது, திரையில் யாதொன்றும் தோன்றாமை. இது முறைமைகளின் குற்றமன்று. மின்வழங்கலையோ நினைவகத்தையோ நோக்கவேண்டும்.

இரண்டாவது, தொடங்கத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்னும் செய்தி. வன்தட்டின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். அன்றித் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் வலுவிழந்திருக்கலாம். அம்மின்கலம் ஓய்ந்தால், மின் துண்டிக்கப்படும்போதெல்லாம் பழைய கணினிகளின் அமைப்புக்கள் மறைந்து, திகதியும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். மின்கலத்தை மாற்றி, தொடக்க முறையை மீண்டும் முன்பிருந்தவாறு அமைத்தால் இரு முறைமைகளும் திரும்பி வரும்.

மூன்றாவது, பட்டியல் தோன்றாமல் நேரே விண்டோஸ் திறத்தல். யூஈஎவ்ஐ கணினியாயின், இயக்கிய உடனே எவ் 2 அல்லது டிலீற் விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குச் சென்று, தொடக்க வரிசையில் லினக்ஸை முதலாவதாக வைத்தலே பெரும்பாலும் போதும். விசை கணினிக்குக் கணினி வேறுபடும். பழைய பயோஸ் கணினியாயின், லினக்ஸ் நிறுவற் பென் ஒன்றிலிருந்து கணினியை இயக்கி, கிரப்பை மட்டும் மீள எழுதவேண்டும். கோப்புக்கள் இருந்தவாறே இருக்கும்.

நான்காவது, கிரப் என்னும் சொல்லும் ஒரு குறியும் மட்டும் கரிய திரையில் நிற்றல். தொடக்கி விழித்துவிட்டது, தன் பட்டியல் வைக்கப்பட்ட பிரிவை அதனாற் காணமுடியவில்லை என்பதே இதன் பொருள். விண்டோசில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத பிரிவொன்றை வெற்றிடம் என்று கருதி ஒருவர் அழித்திருப்பின் இவ்வாறு நேரும். பிரிவுகளின் எண் மட்டும் மாறியிருப்பின், உரிய பிரிவைத் தேடிக் காட்டி லினக்ஸைத் தொடக்கிய பின் கிரப்பை மீள எழுதலாம். பிரிவே அழிந்திருப்பின், புதிதாக எதனையும் அதன்மேல் எழுதாது, தரவு மீட்பில் வல்லாரை நாடவேண்டும்.

ஐந்தாவது, லினக்ஸ் திறந்தும் பட்டியலில் விண்டோஸ் இல்லாமை. பிற முறைமைகளைத் தானே தேடிப் பட்டியலிற் சேர்க்கும் வழக்கத்தை, 2021 இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு பாதுகாப்புக் கருதி நிறுத்திவைத்தது. அமைப்புக் கோப்பில் அத்தேடலை மீண்டும் அனுமதித்து, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தோன்றும்.

ஆறாவது, புதுப்பித்தல் ஒன்றினால் விளையும் தடை. 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு, குறைபாடுடைய பழைய லினக்ஸ் தொடக்கிகளைத் தடுக்கும் நோக்கமுடையது. இரு முறைமைக் கணினிகளுக்கு அது பொருந்தாதவாறு விலக்கு வைக்கப்பட்டிருந்தும், சிலவற்றை இரு முறைமைக் கணினி என்று அது இனங்காணத் தவறியது. அக்கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்து, பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்று அறிவித்தது. செக்கியூர் பூட் என்னும் காவலைத் தற்காலிகமாக நீக்கி, லினக்ஸினுட் சென்று அத்தடைப் பட்டியலை அழித்து, காவலை மீண்டும் இடுதலே அன்றைய பரிகாரம். 2025 மே மாதப் புதுப்பிப்பில் நிறுவனம் அதனைத் திருத்தியது.

தொடக்கத்தைத் தடுக்காவிடினும் குழப்பம் விளைக்கும் பிணக்குகள் இரண்டுண்டு. ஒன்று மணி பற்றியது. தாய்ப்பலகையின் கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது; லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்கின்றது. இலங்கை நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டது. ஆதலின், லினக்ஸைப் பயன்படுத்திய பின் காலை 8 மணிக்கு விண்டோசைத் திறந்தால், அது 2.30 என்று காட்டக்கூடும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்குக்கு இணங்கச் செய்தால் தீரும். மற்றொன்று, விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி. அது செயற்படும்போது விண்டோஸ் முற்றாக மூடப்படுவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கும். அந்நிலையில் அதன் பிரிவில் லினக்ஸ் எழுத மறுக்கும். அவ்வசதியை நிறுத்திவிடுதலே இரு முறைமையாளருக்கு உகந்தது.

எந்தப் பரிகாரத்தைத் தொடங்கும் முன்னரும் செய்யவேண்டிய கருமம் ஒன்றுண்டு. பெரும்பாலான லினக்ஸ் நிறுவற் பென்கள், வன்தட்டில் எதனையும் எழுதாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்க இடமளிக்கின்றன. அவ்வழியாக உட்சென்று, இன்றியமையாத கோப்புக்களை வேறொரு தேக்கச் சாதனத்திற் பிரதிசெய்துகொள்ளவேண்டும். விண்டோஸ் பிரிவு பிற்லொக்கர் என்னும் பூட்டினாற் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்க மீட்புத் திறவெண் இன்றி அதனைத் திறத்தல் இயலாது. தொடக்க அமைப்பை மாற்றியதும் அவ்வெண்ணைக் கணினி கேட்கக்கூடும். எனவே, கணினி நலமாயிருக்கும்போதே அதனைத் தாளில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைத்தல் அறிவுடைமை.

புதிதாக இரு முறைமைகளையும் நிறுவுவோர் விண்டோசை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுதல் நன்று. இரண்டையும் ஒரே தொடக்க முறையில், அதாவது இரண்டையும் பயோஸிலோ இரண்டையும் யூஈஎவ்ஐயிலோ அமைத்தல் வேண்டும். நிறுவற் பென் ஒன்றை மேசை இலாச்சியில் எப்பொழுதும் வைத்திருத்தல் வேண்டும்.

இரணை என்னுஞ் சொல் இரட்டை என்று பொருள்படும். மடு என்பது ஆழமான நீர்நிலை. இரட்டையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் அக்குளத்தின் நீரை உண்டு விளைந்த ஊரிலே, ஒரு கணினியில் இரு முறைமைகள் இணங்கி வாழ்வது வியப்பன்று. அவை பிணங்கும் நாளில் அழிப்பதற்குக் கை நீட்டுமுன், வாய்க்காற் கரையில் ஒருமுறை நடந்து பார்ப்பவர் இழப்பது ஒரு மாலைப்பொழுது மட்டுமே. நடந்து பாராதவர் இழப்பது மீண்டும் பெறமுடியாததாக இருக்கலாம்.